ஷஹீதுகளின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாமா?

கேள்வி, 4 ஜூன்

முதல் குழந்தை. ஆண் பிள்ளையானால், ஷஹீதான (மார்க்கத்துக்காக உயிர்விட்ட) நபித்தோழர் முஸ்அப் இப்னு உமைரின் நினைவாக முஸ்அப் என்று வைக்க எனக்கும் என் கணவருக்கும் ஆசை. மாமி ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வயசில் வெட்டுப்பட்டு இறந்தவர் பெயரைப் பச்சைப் பிள்ளைக்கு வைத்தால் ஆயுசு நிற்காது என்கிறார். மார்க்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா? இல்லை, வேறு பெயர் பார்த்துவிடுவதா?

4 ஜூன், இரவு

மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை தங்கச்சி. உமர் (ரலி) தொழுகையில் நிற்கும்போது குத்தப்பட்டவர்கள். உஸ்மான் (ரலி) சொந்த வீட்டுக்குள் கொல்லப்பட்டவர்கள். அலி (ரலி) கூஃபாவில், ஹுசைன் (ரலி) கர்பலாவில். இந்த நாலு பெயரில் ஒன்றுகூட இல்லாத குடும்பம் எங்கேயாவது இருக்கிறதா? அந்தப் பெயர்களோடு பேரன் பேத்தி எடுத்து, பல் போன பிறகு மவுத்தானவர்கள் எத்தனை பேர்! மாமியிடம் இதையே கேட்டுப் பாருங்கள், ஆனால் சண்டை போடுகிற குரலில் வேண்டாம். பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் அவருக்கு அந்தப் பயம் வருகிறது.

சகுனம் என்று ஒன்று இல்லை என நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. தவணை வந்துவிட்டால் எந்த ஆத்மாவுக்கும் அல்லாஹ் அதைத் தள்ளிப்போட மாட்டான் என்று சூரா முனாஃபிகூனின் கடைசி வசனம் சொல்கிறது. ஒரு பெயர் அந்தத் தவணையில் என்ன செய்துவிட முடியும்?

அப்புறம் முஸ்அப் (ரலி) உஹுத் போரில் ஷஹீதானபோது அவருக்கு நாற்பது வயது, அல்லது கொஞ்சம் கூட. மக்காவில் நல்ல வாசனை பூசிக்கொண்டு பட்டாடையில் திரிந்த வாலிபர் என்றே பயான்களில் கேட்டுக் கேட்டு, கடைசிவரை இருபது வயசுப் பையனாகவே மனதில் நின்றுவிட்டார்.

5 ஜூன், காலை

இன்னொரு சான்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. அனஸ் இப்னு மாலிக் (ரலி) தன் தந்தையின் சகோதரரைப் பற்றிச் சொல்லும்போது, "அவர் பெயர்தான் எனக்கு வைக்கப்பட்டது" என்கிறார். முஸ்லிமில் வருகிறது. அந்தப் பெரியவர் அனஸ் இப்னு நள்ர் (ரலி). அதற்கு முந்தைய பத்ர் போரில் கலந்துகொள்ள முடியவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தவர், உஹுதில் மற்றவர்கள் பின்வாங்கியபோது முன்னால் போனார். உடம்பில் எண்பதுக்கு மேல் காயம். கூடப் பிறந்த சகோதரியே விரல் நுனியை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்.

அந்தப் பெயரைச் சுமந்த பிள்ளை என்ன ஆனார்? பத்து வருடம் நபியவர்களின் வீட்டுப் பிள்ளை மாதிரி பணிவிடை செய்தார், ஆயிரக்கணக்கில் ஹதீஸ் அறிவித்தார், ஹிஜ்ரி 93 வாக்கில், நூறை ஒட்டிய வயதில் பஸராவில் வஃபாத்தானார். ஆயுசு நிற்காது என்பவர்களுக்கு இந்த ஒரு மனிதரின் வாழ்க்கை போதும். பெயர் வைத்தபோது பெரியவர் உயிரோடுதான் இருந்தார், அது சரி. அவர் ஷஹீதான பிறகும் பிள்ளையின் பெயரை யாரும் மாற்றவில்லையே.

5 ஜூன், மாலை

"ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) யாராவது வேண்டுமென்றே இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். வைத்திருக்கிறார்கள். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி).

இப்னு ஸஅதின் தபகாத் என்ற வரலாற்று நூலில் ஸுபைர் இப்படிச் சொன்னதாக வருகிறது. தல்ஹா (இன்னொரு ஸஹாபி) தன் பிள்ளைகளுக்கு நபிமார்களின் பெயரை வைக்கிறார், இனி நபி இல்லை என்று தெரிந்தும். நான் என் பிள்ளைகளுக்கு ஷஹீதுகளின் பெயரை வைக்கிறேன், அவர்களும் ஷஹீதாகக்கூடும் என்பதற்காக. இதுதான் ஸுபைர் சொன்னதன் கருத்து. தல்ஹாவின் வீட்டில் மூஸா, ஈஸா, யஹ்யா, யஃகூப், இஸ்ஹாக் என்று பிள்ளைகள். ஸுபைரின் வீட்டில் ஹம்ஸா என்றால் நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா, முஸ்அப் என்றால் முஸ்அப் இப்னு உமைர், ஜஃபர் என்றால் முஃதாவில் ஷஹீதான ஜஃபர், உபைதா என்றால் பத்ரின் உபைதா இப்னுல் ஹாரிஸ், முன்திர் என்றால் பிஃர் மஊனாவில் கொல்லப்பட்ட முன்திர் இப்னு அம்ர், உர்வா என்றால் தாயிஃபில் தன் சொந்தக் கூட்டத்தாராலேயே கொல்லப்பட்ட உர்வா இப்னு மஸ்ஊத்.

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட மனிதர் இருப்பதைப் பாருங்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பட்டியலில் காதுக்கு இனிமையாக இருந்த ஒன்றை எடுத்துவிட்டு "இது ஒரு ஷஹீத் பெயராம்" என்று பிறகு ஒட்டிக்கொள்வது வேறு. இவர் இப்படி வாழ்ந்தார், இவரைப் போல என் பிள்ளை வரட்டும் என்று ஆளைத் தேர்ந்துகொண்டு வைப்பது வேறு.

5 ஜூன், இரவு

ஸுபைரின் மகன் காலித், காலித் இப்னுல் வலீதின் பெயர் என்று ஒருவர் சொல்கிறார். இல்லை, அது காலித் இப்னு ஸயீத் (ரலி), ஆரம்ப நாளிலேயே இஸ்லாத்துக்கு வந்து ஷாம் (சிரியா பக்கம்) போர்களில் ஷஹீதானவர். காலித் இப்னுல் வலீத் (ரலி) படுக்கையில்தான் வஃபாத்தானார். பிலால் (ரலி) அவர்களையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். மார்பில் பாறை வைக்கப்பட்டு "அஹத், அஹத்" என்றவர்தான், ஆனால் கொல்லப்படவில்லை, பிற்காலத்தில் ஷாமில் வஃபாத்தானார். தாராளமாக வையுங்கள், யார் யாரென்று தெரிந்து வையுங்கள்.

6 ஜூன்

ஸுபைர் (ரலி) சொன்னதை நேற்று எழுதிவிட்டு இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். "அவர்களும் ஷஹீதாகக்கூடும்" என்ற அந்தப் பகுதி ஒரு தாய்க்கு லேசான வார்த்தை இல்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து அந்த துஆவைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் மனசைச் சமாதானப்படுத்துகிறது. உமர் (ரலி) "யா அல்லாஹ், உன் பாதையில் ஷஹாதத்தையும் உன் ரசூலின் ஊரில் மரணத்தையும் எனக்குத் தா" என்று துஆ செய்தார்கள், புகாரியில் இருக்கிறது. அதை அவர்கள் தனக்காகக் கேட்டார்கள், வாழ்ந்து, பொறுப்பெல்லாம் சுமந்த பிறகு. அப்படிப்பட்ட ஆசை பிள்ளைக்கு வருமானால் அவனே அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்வான். நான் அவனுக்காகக் கேட்க வேண்டியது உறுதியான ஈமானை. இரண்டாவது, ஷஹீத் என்றால் போர்க்களம் மட்டும் இல்லை என்று நபியவர்களே விரித்துச் சொல்லியிருக்கிறார்கள். கொள்ளைநோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், தண்ணீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர், பிரசவத்தில் இறந்த பெண் எல்லாரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள்.

ஸுபைரின் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்துல்லாஹ் மக்காவில் ஹிஜ்ரி 73ல் கொல்லப்பட்டார், முஸ்அப் அதற்கு முந்தைய வருடம் இராக்கில். உர்வா மட்டும் சண்டை பக்கமே போகாமல், சின்னம்மா ஆயிஷா (ரலி) அவர்களிடம் உட்கார்ந்து உட்கார்ந்து கேட்டு, மதீனாவின் ஏழு ஃபகீஹ்களில் (மார்க்கச் சட்ட அறிஞர்களில்) ஒருவரானார். நபியவர்களின் வாழ்க்கை வரலாற்றில் பெரும் பகுதி நமக்கு வந்து சேர்ந்ததே அவர் வழியாகத்தான். ஒரே தகப்பன், முஸ்அபுக்கும் உர்வாவுக்கும் ஒரே எண்ணத்தில் வைத்த பெயர்கள்.

9 ஜூன்

என் மகள் பெயர் ஸுமைய்யா. இஸ்லாத்தின் முதல் ஷஹீத் ஒரு பெண், அதுவும் யாருடைய பாதுகாப்பும் இல்லாத வயதான ஒரு அடிமைப் பெண் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனதில் நின்ற விஷயம். ஸுமைய்யா, கணவர் யாஸிர், மகன் அம்மார் (ரலியல்லாஹு அன்ஹும்) மூன்று பேரும் மக்காவின் வெயிலில் வதைபட்டார்கள். மக்காத் தலைவர்களில் ஒருவனான அபூஜஹ்ல் ஸுமைய்யாவை ஈட்டியால் குத்திக் கொன்றான், நபியவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் போவதற்கு ஏழு வருடத்துக்கு முன்.

பெயர் வைத்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியும், அதில் பெருமையும் உண்டு. மகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்து வைத்திருக்கவில்லை. அதற்குள் அவளோடு ஓதுகிற ஒரு பிள்ளை, "உன் பேர்ல இருக்கிறவங்களை ஈட்டியால குத்திக் கொன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டது. அன்று இரவு அவள் என் முந்தானையை விடவே இல்லை. "என்னையும் யாராவது குத்துவாங்களா உம்மா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு சொல்கிற வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில், மக்காவில் வெளிப்படையாக முஸ்லிம் என்று சொல்லிக்கொண்ட முதல் சிலரில் ஒருவர் என்று சொன்னேன். பெரிய பெரிய தலைவர்களெல்லாம் பயந்து வாயை மூடிக்கொண்ட நேரத்தில் பேசியவர் என்று சொன்னேன். அவர் மகன் அம்மார் பெரிய ஸஹாபியான பிறகும் நபி (ஸல்) அவர்கள் "ஸுமைய்யாவின் மகனே" என்று தாய் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஈட்டியின் கதை வளர வளரத் தானாக அதனுடைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

9 ஜூன், கொஞ்சம் பிறகு

"எந்த வயதில் சொல்லலாம்?" வயது கணக்கெல்லாம் வேண்டாம். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

குபைப் இப்னு அதீ (ரலி) இதற்கு நல்ல உதாரணம். ரஜீஃ என்ற இடத்தில் பிடிபட்டு மக்காவில் விற்கப்பட்டவர். கொல்லப்படுவதற்காகச் சங்கிலியில் கிடக்கிறார், சவரம் செய்துகொள்ள ஒரு கத்தியை இரவல் வாங்கியிருக்கிறார். அந்த வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து அவர் மடியில் ஏறிவிட்டது. தாய் பார்த்துவிட்டு நடுங்கிப்போனார். "நான் இவனைக் கொன்றுவிடுவேன் என்று பயப்படுகிறாயா? அப்படிச் செய்ய மாட்டேன்" என்றார் குபைப். அவரைப் போன்ற நல்ல கைதியை நான் பார்த்ததே இல்லை என்று அந்தப் பெண்ணே பிற்காலத்தில் சொன்னார். நாலு வயசுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லலாம். கொலைக்களத்தில் இரண்டு ரக்அத் தொழ அவகாசம் கேட்டது, அந்தத் தொழுகை பின்னால் வந்தவர்களுக்கும் ஒரு வழியானது, இதையெல்லாம் பத்து வயதில் சொல்லிக்கொள்ளலாம்.

10 ஜூன்

பெண் பிள்ளைகளுக்கு ஸுமைய்யாவை விட்டால் வேறு பெயரே இல்லையா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். பெண் ஷஹீதுகளில் பலரை நாம் குன்யத்தால்தான் (உம்மு, அதாவது இன்னாரின் தாய் என்ற அழைப்புப் பெயரால்தான்) அறிகிறோம். உம்மு ஹராம் (ரலி) கடல் கடந்து சைப்ரஸ் போய், அங்கே வாகனத்திலிருந்து விழுந்து ஷஹீதானவர். அவருடைய கப்ர் லார்னக்கா உப்பேரிக் கரையில் இன்றும் இருக்கிறது. உம்மு வரகா (ரலி) குர்ஆனை மனனம் செய்தவர், உயிரோடு இருக்கும்போதே ஷஹீதா என்று அழைக்கப்பட்டவர், உமர் (ரலி) காலத்தில் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார்.

ஆனால் ஷஹீதுகளைக் கௌரவிப்பது என்றால் ஷஹீதின் பெயரையே வைக்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? அவர்களை அடக்கம் செய்துவிட்டு, பிள்ளைகளை வளர்த்து, மீதி ஆயுசை வாழ்ந்து முடித்த பெண்கள் இருக்கிறார்களே.

ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி). உஹுதில் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரே நாளில் தாய்மாமன் ஹம்ஸா போனார், கூடப் பிறந்த அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் போனார். இரண்டு செய்திக்கும் இன்னா லில்லாஹி சொல்லிப் பாவமன்னிப்பு வேண்டினார். கணவர் முஸ்அப் போன செய்தி வந்ததும் வாய்விட்டு அலறிவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பெண்ணிடம் கணவனுக்கென்று ஒரு தனி இடம் இருக்கிறது என்றார்களாம் நபியவர்கள். அவர் அழுததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. முஸ்அப் என்ற பெயர் மேல் ஆசைப்படும் தங்கச்சி, பெண் பிறந்தால் ஹம்னாவை யோசித்துப் பாருங்கள்.

ஸஃபிய்யா (ரலி), ஹம்ஸாவின் சகோதரி, ஸுபைரின் தாய். சகோதரனுக்குக் கஃபனிடத் துணி எடுத்துக்கொண்டு உஹுதுக்கு நடந்து வந்தவர். அஃப்ரா (ரலி) அவர்களின் மக்கள் அவ்ஃபும் முஅவ்விதும் பத்ரில் ஷஹீதானார்கள், பிள்ளைகளை உலகமே "அஃப்ராவின் மக்கள்" என்றுதான் சொல்கிறது. முஅவ்விதின் மகள் ருபைய்யிஃ (ரலி) கல்யாணத்துக்கு நபியவர்கள் வந்து உட்கார்ந்தபோது, சிறுமிகள் தஃப் அடித்துப் பத்ரில் இறந்த தங்கள் தகப்பன்மார்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. தகப்பன் இல்லாத மணப்பெண்ணின் வீட்டில் தகப்பனைப் பாடிய பாட்டு. இந்த ஹதீஸை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் என் தொண்டை அடைக்கிறது.

11 ஜூன்

ஹன்ளலா என்றால் ஒரு கசப்புக் காயின் பெயராமே, நல்ல பொருள் இருக்கும் பெயர்தானே வைக்க வேண்டும் என்கிறார் ஒரு சகோதரர். பொருள் கெட்ட பெயர்களை நபியவர்கள் மாற்றினார்கள், உண்மை. பாவி என்று பொருள்பட ஆஸியா என்றிருந்த ஒரு பெண்ணுக்கு ஜமீலா என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் ஹன்ளலாவின் பெயரை விட்டுவைத்தார்களே! மணமுடித்த மறுநாள் உஹுதுக்கு ஓடிவந்து ஷஹீதாகி, மலக்குகள் குளிப்பாட்டினார்கள் என்று நபியவர்கள் வாயால் சொல்லப்பட்டவர் அவர். அகராதியைவிட அவர் வாழ்க்கை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

13 ஜூன்

அப்பாஸ், காஸிம், அலி அக்பர் என்று வைத்தால் ஷியாவா என்று கேட்கிறார்களாம். இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10ல் கர்பலாவில் விழுந்தவர்கள் நபியவர்களின் குடும்பம். எந்தப் பிரிவுக்கும் அவர்கள் தனிச் சொத்து இல்லை. அந்தக் களத்தில் ஷஹீதானவர்களில் அலி (ரலி) அவர்களின் மகன் ஒருவரின் பெயர் உஸ்மான். என் சகோதரர் உஸ்மான் இப்னு மழ்ஊனின் பெயரை இவனுக்கு வைத்தேன் என்று அலி (ரலி) சொன்னதாக அறிவிப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்து ஆளைப் பிரிப்பவர்கள் இந்த உஸ்மானை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்?

14 ஜூன்

வரலாறு நன்றாகத் தெரிந்த ஒருவர் கேட்கிறார்: ஸுபைரின் மகன் அப்துல்லாஹ், அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷின் பெயர் என்று அந்தச் செய்தியில் வருகிறதே, அவர் பிறந்தது ஹிஜ்ரத்தை ஒட்டி, இப்னு ஜஹ்ஷ் ஷஹீதானது ஹிஜ்ரி 3ல், எப்படிப் பொருந்தும்? சரியான கேள்வி. அப்துல்லாஹ் என்பது பாட்டனார் அபூபக்ர் (ரலி) அவர்களின் இயற்பெயர், அதைத்தான் வைத்தார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு, காலக் கணக்கில் எனக்கு அதுதான் பொருந்தி வருகிறது. அதனால்தான் மேலே ஸுபைரின் பிள்ளைகளை வரிசையாகச் சொன்னபோது அப்துல்லாஹ்வைச் சேர்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

15 ஜூன்

யாரும் கேட்காத ஒரு பெயர், ஜுலைபீப் (ரலி). பார்வைக்கு அழகில்லாதவர், யாரும் பெண் கொடுக்கத் தயங்கியவர். ஒரு போர் முடிந்து, யாரைக் காணவில்லை என்று நபியவர்கள் கேட்க, மற்றவர்கள் தங்கள் தங்கள் ஆட்களின் பெயரைச் சொன்னார்கள். "எனக்கு ஜுலைபீபைக் காணவில்லை, தேடுங்கள்" என்றார்கள் நபியவர்கள். தேடியபோது எதிரிகள் ஏழு பேரின் அருகில் கிடந்தார். "இவர் என்னைச் சேர்ந்தவர், நான் இவரைச் சேர்ந்தவன்" என்று சொல்லி, தன் இரண்டு கைகளிலேயே ஏந்திக்கொண்டு போய் அடக்கினார்கள். முஸ்லிமில் இருக்கிறது. நாம் ஹம்ஸா, ஹுசைன் என்று பெரிய பெயர்களிலேயே நின்றுவிடுகிறோம். ஸாலிம் என்று வைக்கும்போது யமாமா போரில் கொடி பிடித்து விழுந்த, முன்பு அடிமையாக இருந்த ஸாலிமை எத்தனை பேர் நினைக்கிறோம்? குர்ஆனை இந்த நால்வரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் சொன்ன நால்வரில் ஒருவர் அவர்.

17 ஜூன்

எழுத்துப் பிரச்சினை. முஸ்அப், ஸஅத், ஜஃபர் மாதிரிப் பெயர்களில் நடுவில் நிற்கும் அந்த அரபி ஒலியை ஆங்கிலத்தில் எழுதும்போது மேலே ஒரு கொக்கி போடுவார்கள். போடாதீர்கள். பல கணினிப் படிவங்கள் அதை ஏற்காது, ஒரு ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, பிள்ளை வளர்ந்த பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுக்கும் முன்னாலேயே ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றைத் தீர்மானித்து, காகிதத்தில் எழுதி, அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். ஸுமைய்யா பெயரை ஒரு அலுவலகத்தில் ஒரு எழுத்து குறைத்துப் பதிந்துவிட்டு, திருத்த எங்களை எத்தனை முறை நடக்கவிட்டார்கள்!

முஸ்அபை முசாப் என்று கூப்பிடுவார்களே என்ற கவலைக்கு ஒரே வழி, வீட்டில் இருப்பவர்கள் முதல் நாளிலிருந்து ஒழுங்காகக் கூப்பிடுவதுதான். வீட்டிலேயே செல்லமாக முசு, மூசா என்று ஆரம்பித்துவிட்டால் வெளியே யாரும் சரியாகச் சொல்லப் போவதில்லை.

18 ஜூன்

இரட்டைப் பிள்ளைகளுக்கு ஜோடியாகக் கேட்டவருக்கு: ஹம்ஸா, அப்துல்லாஹ். மாமனும் மருமகனுமான ஹம்ஸாவையும் அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷையும் உஹுதில் ஒரே கப்ரில் வைத்தார்கள். அல்லது அம்ர், அப்துல்லாஹ். கால் ஊனமென்று பிள்ளைகள் தடுத்தும் கேட்காமல் போன அம்ர் இப்னுல் ஜமூஹும், ஸஹாபி ஜாபிரின் தகப்பனார் அப்துல்லாஹ்வும், உற்ற நண்பர்கள், அவர்களும் ஒரே கப்ரில்தான். ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் ஹம்ஸா, ஸஃபிய்யா. அப்துல்லாஹ் என்று வைப்பதானால் எந்த அப்துல்லாஹ் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்துவிடுங்கள், ஷஹீதுகளிலேயே அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.